வேண்டாம் என்ற போர்டும் வாங்கி வந்த போர்டும்

செல்போன் கையில் கொதித்து, ஆட்டத்தின் நடுவில் மூன்றாவது முறையாக அணைந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

என் கணவர் குவைத்தில் எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் ஆலங்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று பகல் முழுக்க மற்றவர்களின் பெயரையும் ஊரையும் தட்டிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடுவோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரே வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. அந்த ஆட்டத்தின் மலைகளிலும் இடிந்த வீடுகளிலும் சேர்ந்து ஓடிய நேரம்தான் அதிகம். "என்னங்க, எடப்பக்கம் ஒருத்தன் வாரான்" என்று நான் கத்துவதும், "நீ குனிஞ்சுக்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்வதும்தான் எங்கள் குடும்பப் பேச்சில் பாதி.

அன்று போன் அணைந்ததில் ஆட்டத்தில் நான் செத்தேன். என்னைக் காப்பாற்ற வந்து அவரும் செத்தார்.

"புதுப் போன் ஒண்ணு அனுப்பி விடுறேன்" என்றார்.

"போன் வேணாங்க. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். நீங்களும் ரூம்ல ஒங்க கூட்டாளியோட லேப்டாப்ப எரவல் வாங்கிக்கங்க. பெரிய ஸ்கிரீன்ல ஆடுவோம்."

"யாரு அசெம்பிள் பண்ணுவா?"

"நான்தான்."

அவர் சிரித்தார். கேலி இல்லை, ஆனால் நம்பவும் இல்லை. "நான் லீவுல வரும்போது சேந்து பண்ணலாமே?"

"ஒங்க லீவுக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் செத்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

எனக்கு இந்தத் துணிச்சல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மையத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். அவர் வரும்வரை கையில் மனுவோடு நிற்கும் ஆட்களை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவோம். வேலை நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். பல தடவை அவர் செய்தது ஒன்றுதான். ரேம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றி, அதன் மஞ்சள் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகுவார். கம்ப்யூட்டர் உயிர்பெற்றுவிடும். ஒருநாள் அவர் வராதபோது நானே அதைச் செய்தேன். வேலை செய்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்து எனக்குப் பயமில்லை.

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் முடிவு செய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை. எது எவ்வளவு வேகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க நூறு வீடியோ இருக்கிறது. மாட்டிக்கொண்டது மதர்போர்டில்தான். அதற்கு வேகம் என்று தனியாக எதுவும் கிடையாது. எல்லாப் பாகமும் வந்து உட்காரும் பலகை அது. மற்றதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பலகையை மாற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் அதில் மட்டும் ஏமாறக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்டின் கையேட்டையும் படித்தேன். புரியாததை ஒரு பழைய நோட்டில் எழுதி, கணவரிடம் கேட்பேன். மின்சாரம் சம்பந்தப்பட்டதை அவர் சொல்லுவார். மிச்சத்தை நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீடு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. தோப்பு என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்திரையில் எங்கள் மாடி அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அதனால் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி கனமாக இருக்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. பின்னால் கூடுதல் மெமரி போட நாலு இடம் வேண்டும். கோளாறு வந்தால் எந்தப் பாகத்தில் என்று காட்டும் சின்ன விளக்குகள் போர்டிலேயே வேண்டும். புதுக்கோட்டைக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது அல்லவா? கடைசியில் ஒரே ஒரு போர்டுதான் மூன்றுக்கும் பொருந்தியது. பார்க்க அழகில்லாத, கறுத்த, சதுரமான போர்டு.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பிக்கா மேடம்? காலேஜ் சேந்திருக்காப்லயா?"

"எனக்குத்தாங்க."

"ஆபீஸ் வேலைக்கா?"

"இல்லைங்க, கேம் ஆட."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து பிரித்தார். வெள்ளை நிறப் போர்டு. கரண்ட் கொடுத்தால் ஓரமெல்லாம் வண்ண வண்ணமாக விளக்கு ஓடும் என்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். உலோகக் கட்டி மெல்லிசுத் தகடாக இருந்தது. மெமரிக்கு இரண்டே இடம். கோளாறு காட்டும் விளக்கு எங்கேயும் இல்லை.

நோட்டைத் திறந்து எனக்கு வேண்டிய போர்டின் பெயரைக் காட்டினேன். காரணத்தையும் சொன்னேன்.

"இதெல்லாம் யாரு மேடம் பாக்கப் போறா? எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

"நான் பாப்பேங்க. எனக்கு அதுதான் வேணும்."

"அது ஸ்டாக் இல்ல. சென்னையில சொல்லித்தான் வரவைக்கணும்."

"வரவைங்க."

அடுத்த சனிக்கிழமை போர்டு வந்துவிட்டது. கடையிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். பெட்டியின் சீலை உடைத்தால் கம்பெனியில் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று கடைக்காரர் தயங்கினார். பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, போனில் வீடியோவை ஓடவிட்டு, அவர் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். பிராசசர் உட்காரும் குழியில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள் இருக்கும். தலைமுடியைவிட மெல்லிசு. மூடியைத் தூக்கி, கடையில் இருந்த டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எல்லா ஊசியும் ஒரே மாதிரி மின்னின. ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மின்னவில்லை. டார்ச்சை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் ஆட்டிப் பார்த்தேன். ஓர் ஊசி பக்கத்து ஊசியின் மேல் சாய்ந்து கிடந்தது.

"இங்க பாருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "குண்டூசியால லேசா நிமித்தி விட்டா வேல செய்யும் மேடம். நான் எத்தனையோ பண்ணியிருக்கேன்."

சரி என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. மற்ற பாகமெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து கிடந்தன. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் பூட்டிவிடலாம் என்று நினைத்திருந்த நாள்.

"வேணாங்க. மாத்திக் குடுங்க."

"கம்பெனிக்கு அனுப்புனா பத்து பதினஞ்சு நாளாயிரும். அதோட, நான்தான் வளச்சேன்னு சொல்லுவான்."

"சீல் ஒடைக்கிறதுல இருந்து வீடியோ இருக்கு. இப்பவே ஒங்களுக்கு அனுப்புறேன். இதக் காட்டுங்க."

அவர் என் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார். அதுவரை இரண்டு தடவை அந்தக் கடைக்குப் போய் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்து வீடியோவை அனுப்பினேன். கிளம்பும்போது அவர் கடைசியாக ஒருமுறை கேட்டார்: "அந்த வெள்ளப் போர்டு கையில இருக்கு. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிரலாமே?"

"நான் காத்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆலங்குடி பஸ்ஸில் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அந்த லைட் போர்டயே வாங்கிட்டு வந்திருக்கலாம்ல? எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?" என்றார்.

நான் வளைந்த ஊசியின் படத்தை அனுப்பிவிட்டு போனை வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"பெருசு பண்ணிப் பாத்தேன். பேனல்ல ஒரு பின்னு இப்படி இருந்தா நானும் கை வைக்க மாட்டேன். நீ செஞ்சதுதான் சரி" என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு சொல் எனக்குத் தேவையாக இருந்தது.

பதினெட்டு நாள் காத்திருந்தேன். கூடத்து மூலையில் பெட்டிகள் அடுக்கி இருந்தன. மாமனார் கடலைக் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

"என்னாத்தா, பொட்டி பொட்டியா வந்து கெடக்கு, ஒண்ணையும் பிரிக்கக் காணோம்?"

"இன்னும் ஒரு பொட்டி வரணும் மாமா. அது வந்தாத்தான் மத்ததெல்லாம் வேலைக்காகும்."

"அப்ப அதை மொதல்ல வாங்கியிருக்கலாம்ல?"



பிறகு கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. "மேடம், வந்திருச்சு. நான் சீல் பிரிக்கல. நீங்க வந்து பிரிங்க." போனபோது மேஜையில் ஒரு பூதக்கண்ணாடியைத் தயாராக வைத்திருந்தார். எனக்கு முன்னால் அவர்தான் குனிந்து பார்த்தார். வரிசை வரிசையாக எண்ணுவதுபோல் நிதானமாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியை என்னிடம் நீட்டினார். ஓர் ஊசிகூடப் பிசகவில்லை.

"இனிமே எல்லாப் போர்டயும் பாத்துத்தான் குடுக்கணும்போல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு பாகத்தைத் தொடுவதற்கு முன்பும், உடம்பில் இருக்கும் மின்னேற்றம் இறங்கிப்போக கம்ப்யூட்டர் கூட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். மாமனார் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிராசசரைக் குழியில் வைத்து மேலே இருக்கும் கம்பியை அழுத்தும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும். வரும் என்று படித்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். கம்பி கொக்கியில் போய் மாட்டியது.

எல்லாம் பூட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில், மெமரிக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். விளக்கு அணையவில்லை.

"ஆப் பண்ணிட்டுத் திரும்பப் போடுத்தா. மோட்டார் எடுக்கலைன்னா நாங்க அப்பிடித்தான் பண்ணுவோம்" என்று மாமனார் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"வேணாம் மாமா! தொடாதீங்க!"

அவரிடம் நான் அப்படிச் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். முதல் தடவை மெமரியைச் சரிபார்க்கப் பல நிமிஷம் ஆகலாம், அதுவரை அணைக்கக் கூடாது என்று போட்டிருந்தது. அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப இருப்போம்" என்றார். சுற்றுவட்டாரத்தில் மும்முனைக் கரண்ட் விடும் நேரம் அது. எல்லாத் தோப்பிலும் மோட்டார் போட்டுவிட்டால் எங்கள் வீட்டு வோல்டேஜ் இறங்கிவிடும். யுபிஎஸ் வாங்கி வைத்திருந்தும் மின்விசிறியின் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. ஆனாலும் சுவிட்சைத் தொடவில்லை.

ஆறாவது நிமிஷமோ ஏழாவது நிமிஷமோ, மஞ்சள் விளக்கு அணைந்தது. திரையில் எழுத்து வந்தது.

நான் கத்திய கத்தலில் மாமனார் எழுந்தே விட்டார்.

"என்னாத்தா எழுதியிருக்கு?"

"போர்டு பேரு, பிராசசர் பேரு, மெமரி எவ்வளவுன்னு போட்டிருக்கு மாமா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"சரி, வா, சோறு திம்போம். காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீ" என்றார்.

தேவையான மென்பொருளையெல்லாம் ஏற்ற நாலு நாள் பிடித்தது. இன்டர்நெட்டிலிருந்து ஆட்டம் இறங்கவே ஒரு பகல் முழுக்க ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே அவர் கூட்டாளியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். போனில் வெறும் பச்சைத் தீற்றலாகத் தெரிந்த இடத்தில் இப்போது தனித்தனியாகப் புல் ஆடியது. மலைச்சரிவில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவருடைய ஆளின் முதுகுப்பையில் இருந்த வார்கூடத் தெரிந்தது.

"தெரியுதா?" என்றார்.

"எல்லாம் தெரியுதுங்க."

கீபோர்டு கைக்குப் பழகவில்லை. குனிய நினைத்து எழுந்து நின்றேன். ஐந்தாவது நிமிஷத்தில் என்னைச் சுட்டார்கள். என்னைத் தூக்கி எழுப்ப வந்து அவரும் விழுந்தார். இந்தத் தடவை எந்தக் கருவியின் மேலும் பழி போட முடியாது. இரண்டு பேரும் சிரித்தோம்.

"இன்னொண்ணு போடவா?" என்றார்.

"போடுங்க" என்றேன்.