பூங்கா வாசலில் உடைத்த பூசணிக்காய்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் நடந்தது இது. ஓசூர் மத்திகிரியில் எங்கள் குடியிருப்புக்குள் கையகலத்துக்கு ஒரு பூங்கா இருக்கிறது. ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊருக்கும் ஓசூருக்கும் நட்பு ஏற்பட்டிருக்கிறது என்று அதற்கு 'நட்புப் பூங்கா' எனப் பெயர் வைத்து, திறப்பு விழாவுக்கு அங்கிருந்து விருந்தினர்களையும் வரவழைத்திருந்தார்கள்.

கோலம், வாழை மரம், மேளம் என்று ஒரே அமர்க்களம். கார்கள் வருவதற்குச் சற்று முன்னால் எங்கள் சங்கத் தலைவர் குங்குமம் தடவிய பெரிய பூசணிக்காயைச் சுற்றி, திருஷ்டி கழிய வாசலிலேயே போட்டு உடைத்தார். புதிதாகப் போட்ட கிரானைட் தரை வேறு. கேட்க வேண்டுமா, காலை வைத்தாலே வழுக்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம்தான் ஒரு கம்பெனி வாசலில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் வண்டி சறுக்கி, என் கணவர் கை முறிந்து வீட்டில் கிடந்தார். "அண்ணா, யாராவது விழுந்து வைக்கப் போறாங்க. ஓரமா தள்ளிடட்டுமா?" என்றேன்.

"கழிச்சத உடனே தொடக் கூடாதும்மா. வந்தவங்க போற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்" என்றார் தலைவர். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் டிராஃபிக் போலீஸ் மாதிரி அதன் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். போட்டோ எடுப்பவர் வேறு, "அக்கா, மறைக்கறீங்க, தள்ளுங்க" என்று உயிரை வாங்கினார்.

பயந்ததே நடந்தது. விருந்தினர்களில் கைத்தடியோடு வந்த வயதான அம்மா ஒருவர், நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று பார்க்க என்னை நோக்கியே வந்து அதில் கால் வைத்துவிட்டார். தடி பறந்தது. பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தேன். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி, பூங்காவின் பெயர் பொறித்து நட்டிருந்த கல்வெட்டின் கூர்முனை.

அவர் என் கையை அழுத்தி "தேங்க் யூ" என்றார். பிறகு யாரையும் கேட்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஐயையோ மேடம், நீங்க போயி!" என்று அலறிக்கொண்டு தலைவரே விளக்குமாற்றோடு ஓடி வந்தார். ஒரு நிமிடத்தில் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. தொடக் கூடாது என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

நான் கெஞ்சியபோது நடக்காத காரியம் வெளிநாட்டு அம்மா குனிந்ததும் நடந்துவிட்டதே என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று, வழியில் உடைந்த பூசணிக்காயைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வண்டியை நிறுத்தி, ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போகிறேன்.