முசரவாக்கம் பஸ்ஸுக்குக் கூவியவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகள் டிவியில் ஒரு சிரிப்புப் படம் போட்டாள். கதாநாயகன் பயந்தவன். ரேஷன் கடை வரிசையில் யார் வந்து முன்னால் நின்றாலும் ஒதுங்கி வழிவிடுகிறவன். அவனுக்கு வைத்தியம் பார்க்க ஒரு மனநல மருத்துவர் வருகிறார். ஆட்டோ ஓட்டிக்கொண்டே ஆலோசனை சொல்லும் ஆள். மருந்து எதுவும் தருவதில்லை. காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போய்த் தெருத்தெருவாகக் கூவச் சொல்கிறார். அவன் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகன் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். பதினேழு வருஷமாக அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.காம். நல்ல மதிப்பெண்ணில் முடித்திருந்தான். நேர்காணலுக்குப் போனால் தன் பெயரைச் சொல்லவே நா எழாது. டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய், அங்கிருந்து நடந்து வருவான். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். ஆயிரம் பிள்ளைகளைப் பேச வைத்தவன் என்று மேடைகளில் சொல்லிக்கொள்வேன். சின்ன வயதில் அவன் ஒரு வாக்கியம் தொடங்கினால் நான் முடித்து வைப்பேன். தப்பாகத் தொடங்கினால் திருத்துவேன். அதுதான் வளர்ப்பு என்று நம்பினேன்.

என் மனைவிதான் எனக்குத் தெரியாமல் அவனை ஒரு மனநல ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினாள். செவிலிமேட்டில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முறையாகப் படித்தவர்தான், ஆனால் அவர் வழி வேறு. அறைக்குள் பேச்சு கொஞ்சம், வெளியே வேலை அதிகம். முதல் வாரம் ஓட்டலில் காபி வாங்கி, சூடு போதவில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் பட்டுக்கடைக்குப் போய்ப் பத்துப் புடவை பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே வர வேண்டும். பட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் அது சாமானியக் காரியம் இல்லை. கல்யாணம் யாருக்கு, பெண் என்ன நிறம் என்று விசாரித்து, குடிக்க ஏதாவது கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். முதல் தடவை அவன் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம். "அதே கடைக்குத் திரும்பப் போ" என்றாராம். மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்தான். அன்று அவனும் என் மனைவியும் சமையலறையில் சிரித்தது எனக்குக் கேட்டது. என்ன விஷயம் என்று உள்ளே போனேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். உங்க புள்ள பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்டுக்கினு இருக்குது."

போனேன். "முசரவாக்கம், முசரவாக்கம்! எடம் இருக்குது, ஏறுமா!" என் மகன்தான். சட்டை முழுக்க வியர்வை. கூடையோடு வந்த ஒரு பெண்மணி, பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டாள். "அஞ்சே நிமிசம்மா, உள்ள குந்து" என்றான். குந்து என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல விட்டதில்லை.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது, நல்ல குரல் என்பதுதான். அடுத்த நொடி என் அப்பாவின் நினைவு வந்தது. அவர் தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான்.

"பைத்தியம் புடிச்சிருக்காடா ஒனக்கு? இதுக்கா படிக்க வெச்சேன்?"

நடத்துநர் குறுக்கே வந்தார். "வுடு சார். நாங்க கூவுனா சனம் ஓடுது, தம்பி கூவுனா ஏறுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அது அன்பான சிரிப்பு என்று இன்று தெரிகிறது. அன்று என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தேன். அவனைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு என் பின்னால் நடந்து வந்தான்.

மறுநாள் செவிலிமேட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் கத்தினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வேலதான் சார் பாக்கி இருந்துச்சு" என்றார்.

"என்ன, மூட்டை தூக்கணுமா?"

"இல்ல சார். உங்ககிட்ட வந்து ஏதாவது ஒண்ணுக்கு முடியாதுன்னு சொல்லணும். மத்ததெல்லாம் அதுக்கு ஒத்திகைதான்."

அதற்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை. என் பழைய மாணவர் ஒருவர் மூலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் சேர்த்துவிட்டேன். பெண்ணையும் நானே பார்த்தேன். இரண்டும் நன்றாகவே அமைந்தன. அதையே வெகுகாலம் என் தரப்பு வாதமாக வைத்திருந்தேன்.

இப்போது அவனை நிறுவனம் பதவி உயர்வு கொடுத்துப் புனேவுக்குக் கூப்பிடுகிறது. என் மனைவி இறந்து நாலு வருஷம். எனக்கு எழுபத்து நாலு வயது. "போலாமாப்பா?" என்று கேட்டான். உனக்கு என்ன தோன்றுகிறது என்றேன். "நீங்க சொல்றதுதான்பா."

போ என்றால் போவான். இரு என்றால் இருப்பான். இரண்டுமே என் உத்தரவாகத்தான் இருக்கும். இதை யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

படம் முடிந்தது. மருமகள் டீ போடப் போனாள். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் அடிச்சது தப்புடா" என்றேன்.

அவன் என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான். "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? புனே விஷயம் என்ன முடிவு பண்ணீங்க? வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லணும்."

"நான் முடிவு பண்ணலடா. பண்ணவும் மாட்டேன்."

"அப்ப நான் என்னாதான் பண்றது?" அவன் கை நின்றது. என்னிடம் நாலு யோசனை தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மருமகள் டீயோடு வந்தாள். "இன்னா மாமா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல குந்திக்கினு இருக்குற மாதிரி? காமெடி படம் மாமா அது!"

வெள்ளிக்கிழமை அவன் பதில் அனுப்பிவிட்டான். என்ன பதில் என்று என்னிடம் சொல்லவில்லை. அவன் என்னிடம் சொல்லாமல் ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. "அவரு இன்னா போட்டாருன்னு நான் சொல்லட்டா மாமா?" என்று மருமகள் கேட்டாள். வேண்டாம்மா என்றேன்.

இன்று செவ்வாய். ஒரு நாளைக்கு நாலு தடவை கேள்வி நுனிநாக்கு வரை வருகிறது. நாற்பது வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு இது பெரிய ஆயாசம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவருகே கொஞ்ச நேரம் நின்றான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் நிமிரவில்லை. உள்ளங்கையில் இருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லாமலே போய்விட்டான்.