செல்லி காப்பாற்றிய சத்திரம்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் காய் பிரிக்கும் வேலை செல்லிக்கு. கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்ததே ஒரு பழைய சத்திரத்துக்குத்தான். மைசூர்ப் பக்கம் போகும் பாதையில் வழிப்போக்கர்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டியது. வழிப்போக்கர்கள் வரத்து நின்ற பிறகு, கரும்பு வெட்ட வந்த கூலிக் குடும்பங்கள் அதில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டன. நீண்ட கூடத்தைத் தூணுக்குத் தூண் புடவையால் மறைத்து, பிறகு அரைச்சுவர் எழுப்பி, ஆறு குடும்பங்கள் பிரித்துக்கொண்டன. அடுப்புப் புகை ஏறி மேற்கூரை தார் பூசியது போல் கறுத்துக் கிடந்தது. கரும்பு டிராக்டர் கவிழ்ந்து செத்த புருஷன் மாதேஸ்வரனைக் கிடத்தி அவள் அழுததும் அந்தக் கூடத்தில்தான். அப்போது பக்கத்துத் தடுப்பிலிருந்து வந்து, அவளுக்கும் அவள் கைக்குழந்தைக்கும் மாதக்கணக்கில் சோறு போட்டவள் ரோசம்மாள்.

சத்திரத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு திடீரென்று கிளம்பியது. ஒருநாள் ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போனார்கள். புறம்போக்கு நிலம், ஒருவரிடமும் பட்டா கிடையாது. அந்தச் சமயத்தில் தூண்களைப் படமெடுக்க வந்த கல்லூரி ஆசிரியை தேவிப்பிரியாவிடம் செல்லி வாய்விட்டுக் கேட்டாள்.

"இதை இடிக்காம நிறுத்த ஏதாச்சும் வழி இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்குக்கா. பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம்னு அரசாங்கம் அறிவிச்சுட்டா, அப்புறம் இதுல ஒரு செங்கல்லைக்கூட யாரும் பேர்க்க முடியாது."

செல்லிக்கு அது போதுமாக இருந்தது. மண்டி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு தருமபுரிக்கும் சென்னைக்கும் ஆசிரியையோடு அலைந்தாள். ஆறு குடும்பத்தையும் மனுவில் கையெழுத்துப் போடவைத்தாள். ரோசம்மாள் மட்டும் முதலில் முரண்டு பிடித்தாள்.

"ஆபீசருங்க கண்ணுல படாத வரைக்குந்தான் புள்ள இது நமக்கு வூடு. நீயாப் போயி எதுக்குக் காட்டிக் குடுக்குற?"

"இடிச்சுப்புட்டா எங்கக்கா போவோம்? என்னை நம்பிப் போடுக்கா."

நம்பித்தான் போட்டாள் ரோசம்மாள்.

சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். செல்லி முந்தின நாளே தூண்களைக் கழுவி வைத்திருந்தாள். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். ஒருவர் அண்ணாந்து மேற்கூரையைப் பார்த்து, "இந்தக் கரியெல்லாம் சுத்தம் பண்ணிடலாம்" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. அடுத்த வருஷம் அறிவிப்பு வெளியானது. பேப்பரில் சத்திரத்தின் படம் வந்தது. செல்லி மண்டியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

பின்னாலேயே நோட்டீசும் வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்குள் குடியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், உடனே காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. தேவிப்பிரியா அதை வாசித்துக் காட்டிவிட்டு காகிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"எனக்கு இது தோணவே இல்லக்கா. கட்டடத்தையே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தானுங்க டீச்சர்" என்றாள் செல்லி.

அதிகாரியைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "சட்டத்துல இடமில்லம்மா. மாத்து இடம் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கோம்." மாற்று இடம் ஒரு பாறைச் சரிவு. தண்ணீர் கிடையாது, பஸ் கிடையாது. விடிந்தும் விடியாமல் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் அங்கே எப்படி இருப்பது? குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறின. செல்லி பிள்ளையோடு பாலக்கோட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். காலி செய்த அன்று ரோசம்மாள் மாதா படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஓசூரிலிருக்கும் மகன் அந்தோணி பிரகாஷ் வீட்டுக்குக் கிளம்பினாள். செல்லி சாமான் மூட்டையைத் தூக்கப் போனாள்.

"வுடு புள்ள. நீ செஞ்ச வரைக்கும் போதும்."

கடைசியாக ரோசம்மாள் அவளிடம் பேசியது அதுதான். மற்றவர்கள் மண்டியில் வைத்தே ஏசினார்கள். 'அரசாங்கத்துக்கு வூட்டை எழுதிக் குடுத்தவ' என்று அவளுக்குப் பெயராகிவிட்டது. சத்திரத்தின் அரைச்சுவர்களை இடித்தார்கள், கரியைச் சுரண்டினார்கள், கம்பி வேலி போட்டார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் செல்லி எதிர்ப்பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வாள்.

ரோசம்மாள் இறந்த செய்தி மழைக்காலத்தில் வந்தது. ஓசூரில் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறாள். புருஷனைப் புதைத்த ஊர்க் கல்லறையிலேயே அவளையும் அடக்கம் செய்யக் கொண்டுவந்தார்கள். போகிற வழியில் அந்தோணி பிரகாஷ் வண்டியை அம்மா குடியிருந்த சத்திரத்து முன்னால் நிறுத்தச் சொன்னான். பெட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளே வைக்கக் கேட்டபோது அங்கே போட்டிருந்த காவல்காரர் தயங்கினார்.

"பொணத்தை உள்ள வுட எனக்கு உத்தரவு இல்லைங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

பெட்டியை வேலிக்கு வெளியே சாலையோரமாக இறக்கி வைத்தார்கள். தூறல் விழுந்தது. கூட வந்த பெண்கள் ஜெபம் சொன்னார்கள். மெதுவாக வந்த வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லையிலிருந்து நடந்து வந்திருந்த செல்லி, புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றாள். கிட்டப் போனால் யாராவது விரட்டிவிடுவார்கள் என்ற பயம்.

அந்தோணி பிரகாஷ்தான் அவளைப் பார்த்தான். வந்து எதிரே நின்றான். அவன் என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்லறைக்கு வாங்கக்கா. ஒரு பிடி மண்ணு போடுங்க" என்றான்.

"உங்கம்மா என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா தம்பி?"

அவன் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இல்லக்கா" என்றான்.

பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். செல்லி எல்லோருக்கும் பின்னால், மழையில் நனைந்தபடி கல்லறைக்கு நடந்தாள்.