மனிதருக்கு நாற்பது நொடி

இந்த நிகழ்ச்சி நடந்தபோது நான் அரியலூரை அடுத்த ஒரு சிமென்ட் ஆலையில் கணினிப் பிரிவின் முதுநிலை மேலாளராக இருந்தேன். திருச்சியில் கணிதத்தில் முதுகலை பயின்று முதல் வகுப்பில் தேறியவன். பத்தொன்பது ஆண்டுப் பணியில் நான் கையெழுத்திட்டு அனுப்பிய அறிக்கை எதுவும் திருத்தத்திற்காகத் திரும்பி வந்ததில்லை. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

1. பத்து மணி இரண்டு நிமிடம்

2006ஆம் ஆண்டு. சிமென்ட் எளிதில் கிடைக்காத காலம். அதற்கு முன்பெல்லாம் டீலர்கள் விற்பனை அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். யாருக்கு எத்தனை லோடு என்பதை விற்பனை மேலாளர் முகம் பார்த்து முடிவு செய்வார். முகம் பார்க்கும் அந்த முறையை ஒழிக்க நான் கொண்டுவந்ததுதான் ஆன்லைன் புக்கிங். காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும். டீலர் தன் கோடு (ஆலை கொடுத்த அடையாள எண்), லாரி எண், இறக்குமிடம் என்று பதினெட்டுக் கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். முதலில் வந்தவருக்கு முதல் லோடு.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் மாதம், பத்து மணிக்குத் திறந்த தளத்தில் பத்து மணி இரண்டு நிமிடத்திற்கு லோடு இல்லை. சில டீலர்கள் படிவம் நிரப்புவதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வாங்கி ஓடவிட்டிருந்தார்கள். இதற்கு ‘பாட்’ என்று பெயர், ரோபோ என்பதன் சுருக்கம் என்று பொது மேலாளரிடம் விளக்கினேன்.

“ரோபோவா? நம்ம அரியலூர்லயா?”

“கை கால் இருக்காது சார். படிவத்தை மட்டும் நிரப்பும்.”

“நம்ம சேல்ஸ்ல இருக்கறவங்களுக்குக் கை கால் இருக்கு. படிவந்தான் நிரப்ப மாட்டேங்கறாங்க” என்றார் அவர். மென்பொருள் வாங்க அன்றே அனுமதி கிடைத்தது.

2. மூன்று தடுப்புகள்

சென்னையிலிருந்து வந்த அந்த மென்பொருளில் மூன்று தடுப்புகள் இருந்தன. முதலாவது, ஒரே இணைப்பிலிருந்து வரும் பல படிவங்களைத் தடுப்பது. பெரம்பலூர் பேருந்து நிலையத்திற்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் பதினொரு டீலர்கள் வரிசையாக உட்கார்ந்து புக் செய்துகொண்டிருந்தார்கள். மென்பொருளின் கண்ணுக்குப் பதினொருவரும் ஒரே ஆள். மறுநாளே அந்தத் தடுப்பை எடுத்தோம்.

இரண்டாவது, கோணல் எழுத்துகளைப் படமாகக் காட்டி, படித்து அடிக்கச் சொல்வது. “சார், அது எட்டா, பி-யா? ஒரு ஃபேக்ஸ் அனுப்பிச்சுருங்களேன்” என்று தொலைபேசிகள் வந்தன. பொது மேலாளரின் முன்னிலையில் விற்பனை மேலாளர் தாமே நான்கு முறை தவறாக அடித்தார். டீலர்களின் சிரமத்தை முன்னிட்டு அதுவும் நீக்கப்பட்டது.

மூன்றாவது, நேரம். இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்பிவிடும். மனிதருக்கு எவ்வளவு ஆகும்? நான் ஊகத்தை நம்புகிறவன் அல்லன். விற்பனைப் பிரிவினர் ஆறு பேரை உட்காரவைத்து அளந்தேன். ஒவ்வோர் எழுத்தையும் ஒற்றை விரலால் தேடிப்பிடித்து அடித்தார்கள். அவர்களில் மிக வேகமானவருக்கு இரண்டு நிமிடம் பத்து நொடி. தாராளமாக நாற்பது நொடி என்று எல்லை வைத்தேன். மனிதகுலத்திற்கு எங்கள் விற்பனைப் பிரிவை அளவுகோலாகக் கொண்டது என் பிழை. அதை வேறு யார் தலையிலும் நான் போடவில்லை.

அடுத்த பிழையில் மூவருக்குப் பங்குண்டு. “சர்குலர் இல்லாத ரூலு ஆடிட்ல நிக்காதுங்க” என்றார் பொது மேலாளர். விற்பனை மேலாளர் தலையசைத்தார். நாற்பது நொடிக்குள் நிரப்பப்படும் படிவங்கள் இயந்திரத்தால் நிரப்பப்பட்டவையாகக் கருதப்படும் என்று, பிழையற்ற ஆங்கிலத்தில் நான் சுற்றறிக்கை எழுதினேன். எல்லா டீலர்களுக்கும் பதிவுத் தபாலில் போனது. திருடனுக்குக் காவலரின் ரோந்து நேரத்தை எழுதி அனுப்புகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. வேப்பந்தட்டைக் கோடு

முதல் வாரத்தில் ஒரே ஒரு கோடுதான் சிக்கியது. வேப்பந்தட்டை டீலர் பெரியசாமி. அவருடைய படிவங்கள் முப்பது நொடியைத் தாண்டவே இல்லை. ‘நீங்கள் மனிதர் அல்லர்’ என்று திரையில் காட்டி மென்பொருள் அவரைத் தடுத்தது. அவருடைய கோடு எண்ணை ரத்து செய்யலாம் என்று தலைமை அலுவலகத்திற்கு அறிக்கை அனுப்பினேன். திங்கட்கிழமை முடிவாகும் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை பெரியசாமி நேரில் வந்தார். உடன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி.

“சார், எங்க கடையில மெசினுன்னா அந்த ஒத்தக் கம்ப்யூட்டருதான். அதுவும் கரண்டு இருந்தாத்தான் ஓடும்.”

“அதில் யார் அடிப்பது?”

“இந்தா நிக்கிதுல்ல, வசந்தா. ஏம்மா, நான் அப்பவே சொன்னேன்ல, மெதுவா அடின்னு? கோடு போச்சுன்னா திங்கக்கெழமையிலேருந்து நீ வரவேணாம். வந்து என்ன பண்ணுவ, காலி மூட்டைய எண்ணுவியா?”

அந்தப் பெண்மணி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “மெதுவா அடிச்சா லோடு போயிருதுன்னு மொதலாளி திட்டுறாரு. வேகமா அடிச்சா நான் மனுசியே இல்லன்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படித்தாங்க சார் அடிக்கிறது?”

விசாரித்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேறியவர். பெரம்பலூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பள்ளி மூடப்பட்டபின் இந்த வேலை. இரண்டு பிள்ளைகளின் படிப்பு இதில்தான் நடக்கிறது.

பொது மேலாளரையும் விற்பனை மேலாளரையும் அழைத்தேன். ஆய்வகத்திலிருந்து ஸ்டாப் வாட்ச் வந்தது. வசந்தா மவுஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடித்தார். இருபத்தாறு நொடி.

“தெனம் அடிக்கிற அட்ரஸ்தான சார். மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கும்” என்றார் விற்பனை மேலாளர்.

“அப்ப வேற அட்ரஸ் குடுங்க சார். உங்க வூட்டு அட்ரஸ் வேணும்னாலும் சரி.”

கீழப்பழுவூர் டீலர் ஒருவரின் தாளைக் கொடுத்தோம். முப்பத்தொரு நொடி. ஒரு பிழை இல்லை.

“மவுஸத் தொடவே இல்லியேம்மா” என்றார் பொது மேலாளர்.

“அதத் தொட்டா கைய எடுக்கணும்ல சார்.”

“சரி, இது மெசின் இல்ல. அப்ப மெசின் யாருங்க?” என்று அவர் என் பக்கம் திரும்பினார். எல்லா டீலர்களின் நேரங்களும் அச்சிட்ட பட்டியல் மேசைமேல் கிடந்தது. வசந்தா அதில் விரல் வைத்தார்.

“இந்தக் கோடு யாருது சார்? எல்லாப் படிவமும் நாப்பத்தொண்ணு. நேத்தும் நாப்பத்தொண்ணு, முந்தாநேத்தும் நாப்பத்தொண்ணு. ஒம்பது வருசம் கிளாஸ் எடுத்துருக்கேன். ஒரே ஆளு ரெண்டு நாளு ஒரே மாதிரி அடிச்சு நான் பாத்ததில்ல. தும்முவாங்க, தலையச் சொறிவாங்க, பக்கத்து மெசினுப் புள்ளைட்ட பேசுவாங்க.”

அப்படி நான்கு கோடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, டீலர் கூட்டத்தில் எங்களிடம் சிறந்த டீலர் கேடயம் வாங்கியவருடையது. அவர்களுடைய புரோகிராம்கள் ஒரே சமயத்தில் இருபது படிவங்களைத் திறந்து, நாற்பது நொடி பொறுமையாகக் காத்திருந்து, நாற்பத்தொன்றாவது நொடியில் அனுப்பின. என் சுற்றறிக்கையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவை அந்த நான்கு இயந்திரங்கள் மட்டுமே.

4. திருத்தம்

மற்றவர்கள் வெளியே போனபின் விற்பனை மேலாளர் என் அருகில் வந்தார். “சார், ரிப்போர்ட்ட அப்படியே வுட்டுருங்க. வேப்பந்தட்ட சின்னக் கோடு. இந்த நாலு பேரும் வால்யூம் பார்ட்டி. இப்பப் போயி தப்புன்னு எழுதுனா ஹெட் ஆபீஸ்ல உங்க பேருதான் கெடும்.”

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை. பத்தொன்பது ஆண்டுகளை நானும் நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரியசாமி வசந்தாவிடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தலை குனிந்து நின்றிருந்தார். நான் கணினியின் முன் அமர்ந்தேன். ‘என் அறிக்கையின் முடிவு தவறு. பிழை நான் வைத்த எல்லையில் உள்ளது. படிவம் நிரப்பியவரிடம் இல்லை’ என்று எழுதி, நான்கு கோடுகளின் பட்டியலை இணைத்து, அலுவலகம் மூடுமுன் ஃபேக்ஸில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை நாற்பது நொடி எல்லை நீக்கப்பட்டு, வேப்பந்தட்டைக் கோடு திறக்கப்பட்டது. வசந்தா வழக்கம்போல் பத்து மணிக்கு முதல் படிவத்தை அனுப்பினார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் கொடுத்தேன். நான்கு கோடுகளும் ஒரு மாதம் நிறுத்தப்பட்டு, மன்னிப்புக் கடிதங்களுக்குப் பின் திரும்பக் கொடுக்கப்பட்டன. கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நாள்தோறும் மாறாத நேரத்தைப் பிடிக்கும்படி மென்பொருளை மாற்றி அமைத்தேன். அதற்கும் பொது மேலாளர் சர்குலர் கேட்டார். முதன்முறையாக மறுத்தேன்.

இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மனிதரின் வேகத்தை அளப்பதானால் அந்த வேலையில் தேர்ந்தவரை வைத்து அளந்துகொள்ளுங்கள். தடுக்கப்பட்டவர் நேரில் வந்து பேச ஓர் ஆளை வையுங்கள். எல்லையை எங்கே வைத்தீர்கள் என்பதை ஊருக்கு அறிவிக்காதீர்கள்.

ஆலையில் இன்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. தட்டச்சுப் போட்டியில் நான் ஒரு பெண்ணிடம் தோற்றேன் என்பது ஒன்று. நான் அடிக்கவே இல்லை, கடிகாரம் பிடித்தேன். மற்றது என் ஓய்வு விழா மலரில் அச்சாகியிருப்பது: நாற்பத்தொரு நொடி ரகசியத்தை நான் கண்டுபிடித்தேன் என்று. அதுவும் தவறு. கண்டுபிடித்தவர் வசந்தா.