தாங்கியில் கிடந்த பெற்றோல்

நான் வந்து சேர்ந்த இந்தக் குளிர்நாட்டில், அம்மருட் அடுக்குமாடிகளில் புல் வெட்டுவது என் வேலை. பனி கரைந்ததும், ஏறி ஓட்டும் இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினேன். காலை முழுக்கத் திறப்பைத் திருகியும் அது ஸ்ராட் வரவில்லை.

"குளிருக்கு முன்னம் பெற்றோல் தாங்கியைக் காலியாக்கச் சொன்னேனே" என்றார் மேலாளர் ரூனர்.

நல்ல பெற்றோல். வெளியே எடுக்க மனம் வரவில்லை. இப்போது மூடியைத் திறந்தால், கிடந்து பழுதான பெற்றோலின் புளித்த மணம்.

யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் வேணும். அப்பா அதைக் கண்மருந்துப் போத்தலில் அடைத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"அது அவசரத்துக்குக் கிடக்கட்டும். ஒருத்தரும் தொடக்கூடாது."

இரண்டு வருடம் கிடந்தது. அம்மாவுக்கு வலி கண்ட அன்றுதான் திறந்தார். இதே மணம். மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து அப்பாவின் கால் ஓய்ந்தது; அது ஸ்ராட் வரவில்லை. பிறகு அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் பிறந்த தம்பி அழவேயில்லை.

இயந்திரத்தின் பழைய பெற்றோலைப் பிளாஸ்ரிக் கானுக்குள் வடித்தேன்.

"கழிவு நிலையத்தில் கொடுத்துவிடு" என்றார் ரூனர்.

ஓம் என்றேன். அவர் போனதும் மூடியை இறுக்கி, கானைக் கொட்டகையின் மேல்தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.