கை நனையாத சாப்பாடு

மிளகாயின் காம்பைக் கிள்ளி, ஒரு விதையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள் ராசம்மாள். குத்தாலம் சந்தைக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போகிறது. அவள் அசைவதில்லை. பக்கத்தில் பையைப் பிடித்தபடி நிற்கும் வீரையனுக்குத்தான் கண்ணில் நீர் கட்டுகிறது. பெண்டாட்டி விதையை மென்றால் புருஷனுக்கு எரியும் போலிருக்கிறது.

"ஏம்மா, அது மிளகாம்மா. வெத்தல மாதிரி மெல்லுறியே" என்பார் கடைக்காரர் ஹாஜா மைதீன்.

"இது வாயிலதான் எரியுது பாய். எனக்குக் காதுல எரியணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்கு நகர்வாள்.

ரங்கூனில் பிறந்தவள். அப்பனையும் ஆத்தாளையும் அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, அண்ணன் சாமிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு அகதிக் கப்பலில் வந்து இறங்கியவள். ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல் எடுத்து வர விடவில்லை. பெட்டியைச் சோதித்தவர்கள் நாக்கைச் சோதிக்கவில்லை. அதில் ஒரு ஊரையே ஒளித்துக் கொண்டுவந்துவிட்டாள்.

ரேஷன் மைதாவை முட்டை விட்டுப் பிசைவாள். தேய்த்து மடித்து, அரிவாள்மனையில் நூல் நூலாக அரிந்து, வாசலில் துணி காயும் கொடியில் தொங்கவிடுவாள். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, "வீரையன் பொண்டாட்டி தறி போடப் போறாளாம்" என்று தெருவே கூடிவிட்டது. காய்ந்ததை அவித்தெடுத்து, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், எண்ணெயில் பொரித்த பூண்டு, கெட்டிப் புளிக்கரைசல், வறுத்து இடித்த மிளகாய் எல்லாம் போட்டுப் பிசறுவாள். ரங்கூனில் அதற்குப் பெயர் அத்தோ. தெரு அதற்கு நூல்சோறு என்று பெயர் வைத்தது. தின்றவர்கள் முதலில் அவளைத் திட்டினார்கள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினார்கள்.

இது மட்டும் என்றால் வீரையன் இத்தனை வருஷம் அவளைப் பார்த்து மலைத்துக்கொண்டே இருந்திருக்க மாட்டான். ஒவ்வொரு பண்டிகைச் சாப்பாட்டுக்கும் அவள் ஒரு பெயர் வைப்பாள். "புள்ளைக்குப் பேரு வைக்கிறோம், மாட்டுக்குப் பேரு வைக்கிறோம். சோத்துக்கு வேணாமா?" என்பாள். பட்டாசு வாங்க வழியில்லாத ஒரு தீபாவளிக்கு 'வெடிச் சாப்பாடு' போட்டாள். அப்பளம், முறுக்கு, வடகம், மொறுமொறுவென்று வறுத்த கிழங்கு என்று கடித்தால் சத்தம் வராத பண்டம் எதுவும் இலையில் இல்லை. "வாயிலயே வெடிங்க, கை சுடாது" என்றாள். ஆடிப்பெருக்கன்று, காவிரியில் வந்த புதுத் தண்ணீரின் கலங்கல் நிறத்திலேயே எல்லாச் சோறும் இருந்தது. வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். மே தினத்துக்குத் தோழர்களை வீட்டுக்கு அழைத்து வந்தான். சிவப்பரிசிச் சோறு, செந்தண்டுக் கீரை, தக்காளி ரசம், மிளகாய்த் துவையல் என்று இலையே கொடிபோல் சிவந்து கிடந்தது. ஒரு தோழர் மட்டும், "எல்லாம் சரிம்மா, மோரு வெள்ளையா இருக்கே?" என்று இழுத்தார்.

"அந்தத் துவையலைத் தொட்டுத் தின்னு பாருங்க அண்ணே. சமாதானத்துக்கு நீங்களே வெள்ளைக்கொடி கேப்பீங்க."

அப்படிப்பட்டவளின் வீட்டில் அவள் கூடப்பிறந்தவன் சாப்பிட மறுத்தான் என்பதுதான் கொடுமை.

உச்சவரம்புச் சட்டம் வந்தும் நிலம் கைமாறாமல், கூலிக்கும் குத்தகைக்கும் ஊர்தோறும் கைகலப்பு நடந்துகொண்டிருந்த காலம். சாமிதுரை மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தான். ஆளுங்கட்சிக் கரைவேட்டி கட்டுவான். போன மாசி அறுப்பில் சங்கம் கூலி உயர்வு கேட்டது. கூலியையும் கொடுத்துக் குத்தகையையும் அளந்தால் தனக்கு வைக்கோல்தான் மிஞ்சும் என்றான் சாமிதுரை. அவன் வெளியூர் ஆளை இறக்கினான். வரப்பில் கொடியை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றவன் வீரையன். தள்ளுமுள்ளில் கொடிமூங்கில் முறிந்தது. அறுப்பு நின்றது. எதிர்பாராத மழை பிடித்துக்கொள்ள, நின்ற பயிர் கதிரிலேயே முளைத்துவிட்டது.

முளைத்த கதிரில் ஒரு கொத்தைப் பிடுங்கிவந்து தங்கை வாசலில் எறிந்தான் சாமிதுரை. "இனிமே இந்த வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன். இது சத்தியம்" என்றான்.

ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்றுதான் சொல்வது வழக்கம். அதை ஒருவன் சத்தியம் போட்டு விலக்கினால் உறவு அறுந்தது என்றுதான் அர்த்தம். ராசம்மாள் அழவில்லை. அந்தக் கொத்தை எடுத்துக் கூரையின் எரவாணத்தில் செருகினாள். முறிந்த கொடிமூங்கிலும் அங்கேதான் கிடந்தது.

மார்கழி முடிகிற வாரம் சந்தையில் ஹாஜா மைதீன்தான் சேதி சொன்னார். "உங்கண்ணன் குத்தகையை வுட்டுட்டாராமே? தை பொறந்ததும் திருச்சிக்குப் போயிடறாராம்."

ராசம்மாளின் நாக்கில் அப்போது விதை இருந்தது. துப்பினாள். பையை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள். வாசலில் நின்று, "பொறந்த வூடுன்னு எனக்கு இருக்கறது அந்த ஒரு ஆளுதான். இப்படியே போயிட்டா அப்புறம் எப்ப வரும்?" என்றாள். வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று மாலையே முறிந்த மூங்கிலை இறக்கி அவன் முன்னால் போட்டாள்.

"இதைச் சீவி மெல்லிசாக் குச்சி பண்ணு."

"கொடிக்கம்புடி இது!"

"கொடி புடிச்ச மூங்கிதானே? கொஞ்சம் சோறும் புடிக்கட்டும்."

வீரையன் அரிவாளை எடுத்துக்கொண்டு சீவ உட்கார்ந்தான்.

போகியன்று காலையில் பொங்கல் சீரோடு வந்தான் சாமிதுரை. கோபம் இருந்தாலும் சீர் நிற்கக்கூடாது. புதுப்பானை, மஞ்சள்கொத்து, அரிசி, கரும்பு எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவைத்தான். வீரையன் உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சீரு வச்சிட்டேன். வர்றேன்."

"உள்ள வாண்ணே. சாப்புட்டுப் போ."

"சொன்னது மறந்துபோச்சா? கை நனைக்க மாட்டேன்."

"யாரு நனைக்கச் சொன்னா?" என்றாள் ராசம்மாள். "இன்னைக்குச் சாப்பாட்டுக்குப் பேரே கை நனையாத சாப்பாடு. வந்து பாரு. ஒரு விரல் பட்டாலும் எந்திரிச்சுப் போயிடு."

உள்ளே எதிரெதிரே இரண்டு இலை போட்டிருந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பானகம். ஈர்க்குச்சியில் குத்திவைத்த சுட்ட வள்ளிக்கிழங்கு. நடுவில் பொரித்த பூண்டு மணக்கக் குவித்துவைத்த அத்தோ. இலைக்கு இரண்டு மூங்கில் குச்சிகள்.

சாமிதுரை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். பூண்டு வாசம் அவனை ரங்கூன் தெருவுக்கே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சீனாக்காரன் கடை வாசலில் ஒரே கிண்ணத்தில் அண்ணனும் தங்கையும் குச்சி போட்டு இழுத்த நாட்கள் அவன் முகத்தில் வந்து போனதைத் தூணோரம் நின்ற வீரையனே பார்த்தான்.

"ஏமாத்துறியா?"

"சத்தியத்தை மீறச் சொன்னேனா? உக்காரு. யோவ், நீயும் உக்காரு. உனக்கும் அதே சட்டம்தான்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வீரையன் தான் சீவிய குச்சிகளைத் தானே பிடிக்கத் தெரியாமல் திணறினான். ஒரு நூல் எகிறிப்போய் அவன் மீசையில் தொங்கியது. சாமிதுரை பல்லைக் கடித்தான். உதடு கேட்கவில்லை. ஒரு வருஷமாகப் பேசாத வாய் பொத்துக்கொண்டது.

"மாப்ள, கொடி புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க. பீடி புடிக்கிற மாதிரி புடிங்க."

"இப்படியா மச்சான்?"

"கீழ்க்குச்சி அசையக்கூடாது. மேல் குச்சிதான் ஆடணும்."

பிறகு காரம் வேலையைக் காட்டியது. ராசம்மாள் தேடித் தேடிப் பொறுக்கிய மிளகாய் அது. இருவர் காதும் சிவந்தன. கண்ணிலும் மூக்கிலும் வழிந்தது. மிளகாயில் ஒரு வசதி உண்டு. யார் எதற்காக அழுகிறார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

"பயிரு முளைச்சுப்போச்சு மாப்ள" என்றான் சாமிதுரை, இலையைப் பார்த்தபடி.

"தெரியும் மச்சான். நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றான் வீரையன். 

இலையில் நூல் தீர்ந்தது. அடியில் தேங்கிய புளிக்காரமும் உடைந்த துணுக்குகளும் பொரிந்த பூண்டும்தான் மிச்சம். அத்தோவின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாமிதுரை குச்சியால் ஒதுக்கிப் பார்த்தான், குத்திப் பார்த்தான். வரவில்லை. எந்தக் குச்சிக்கும் அது வராது, விரலால் வழித்தால்தான் உண்டு. வராது என்பது ராசம்மாளுக்குச் சந்தையிலேயே தெரிந்திருக்குமோ என்று வீரையனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் சாய்ந்து நின்ற அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமிதுரை குச்சிகளை இலையோரம் சேர்த்து வைத்தான்.  பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வலக்கையைத் தண்ணீருக்காக இலைக்கு வெளியே நீட்டினான்.

கதவு மூலையில், விடிந்ததிலிருந்து யாரையும் தொடவிடாமல் ஒரு சொம்புத் தண்ணீரை மூடிவைத்திருந்தாள் ராசம்மாள். அதை எடுத்து வந்தாள். அண்ணனின் கைக்கு நேரே கொண்டுபோனாள். சாய்க்கவில்லை. அப்படியே திரும்பி, வீரையனின் கையில் திணித்தாள்.