நீலம் ஏறாத வால்கள்

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இப்போது நீந்துகிறவை என் மைத்துனன் அருளின் மீன்குஞ்சுகள் அல்ல. அவற்றை நான் கொன்றுவிட்டேன்! இவை வேறு. என் மனைவி ஷீலாவுக்கு இது தெரியாது.

மீன்குஞ்சுதானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அருள், ஷீலாவின் ஒரே தம்பி. நீல வால் கப்பி மீன் வளர்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். குமணன்சாவடியில் லாரி மோதி அவன் போனபின், அவன் அறையிலிருந்து ஷீலா எடுத்து வந்தது வயிறு பெருத்த ஒரு தாய்மீனை மட்டும்தான். சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த சில நாளில் அது குட்டி போட்டது; போட்ட கையோடு செத்தும் போனது. கண்ணும் வாலுமாய்த் துரும்பளவு குஞ்சுகள்... பல நாள் கழித்து அன்றைக்குத்தான் ஷீலா வாய்விட்டுப் பேசினாள்.

"பெருசானா வால்ல நீலம் ஏறும் பாருங்க. அருளு மீனோட குட்டிங்க. அவன்தான் இல்ல, இதுங்களாச்சும் கீதுங்களே!"

அவள் தன் அம்மாவைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போன நாளில், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துத் தூவும் வேலை என்னிடம் வந்தது. "துளியூண்டு போடுங்க. தண்ணி மாத்தணும்னா வெயில்ல வெச்ச டிரம்லேர்ந்து மொண்டு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் என்ன செய்தேன்? பசிக்குமே என்று அள்ளிப் போட்டேன். தண்ணீர் பாலாய்க் கலங்கி நாற ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பாதித் தண்ணீரை இறைத்தேன். டிரம் காலி! காலையில் அந்தத் தண்ணீரில் பைக்கைக் கழுவியதும் நான்தான். சற்றுமுன் லாரித் தண்ணீர் இறக்கிய சம்ப்பிலிருந்து, அதாவது தரையடித் தொட்டியிலிருந்து, ஒரு வாளி மொண்டேன். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. துளைத்தும் ஊற்றினேன்...

வாளியைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் குஞ்சுகள் அத்தனையும் மேலே மிதந்தன.

அப்போதே அவளுக்குப் போன் செய்திருக்கலாம். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். அந்த அழுகைக்குப் பயந்தே போனை எடுக்கவில்லை. தம்பியை இன்னொரு முறை அவள் சாகக் கொடுக்க வேண்டுமா, அதுவும் என் கையால்? செத்தவற்றைச் சாக்கடையில் கொட்டினேன். பின்தெருவில் கட்டி முடிக்காமல் பாதியில் நிற்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டியில், கொசுப் புழுவைத் தின்பதற்காக மீன் விட்டிருந்தார்கள். டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன்.

குஞ்சாக இருக்கையில் எல்லாம் ஒன்றுபோலத்தானே? இவையும் கப்பியாகவே இருந்துவிடக் கூடாதா? அப்படி வேண்டிக்கொண்டேதான் அங்கிருந்த குஞ்சுகளை அந்தத் தண்ணீரோடு பிடித்து வந்து, கழுவிய கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.

ஊரிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டியிடம் போனாள். "ஒரே நாள்ல இன்னா வளத்தி! நல்லா பாத்துக்கினீங்க" என்றாள்.

குஞ்சு வளர்வதைக் கண்டு அஞ்சுகிற மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா? அவை செத்தால் அவள் உடைந்துபோவாள். வளர்ந்தால் நான் அகப்படுவேன். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? உடம்பு நீண்டது, வயிறு பருத்தது. வால் மட்டும் சாம்பல் நிறமாகவே இருந்தது. ஆபீசில் அவளுடைய போன் வந்தாலே, கண்டுபிடித்துவிட்டாளோ என்றுதான் எடுப்பேன்.

சென்ற ஞாயிறு, சர்ச் முடிந்து அருளின் நண்பன் பிரபுவைக் கையோடு அழைத்து வந்தாள். சென்னீர்குப்பத்தில் மீன் கடை வைத்திருப்பவன். அருளுக்கு முதல் கப்பி ஜோடியைக் கொடுத்தவனே அவன்தான். முழங்காலிட்டுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"இன்னாடா, இன்னும் கலரே வர்ல?" என்று கேட்டாள் ஷீலா.

அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "லேட்டா ஏறும்க்கா. வெயிட் பண்ணு."

வாசலில் செருப்பு மாட்டும்போது என் காதருகே சொன்னான்: "இது கொசு மீனு மாமா. எத்தினி வருசமானாலும் நீலம் வராது. அக்கா மூஞ்சப் பாத்து என்னால சொல்ல முடில. நீங்களே சொல்லிடுங்க."

சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை! கோழை என்கிறீர்களா? ஆமாம், கோழைதான். ஒரு பொய்க்கு அந்தப் பையனையும் கூட்டுச் சேர்த்துவிட்ட கோழை.

இன்று காலை தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். அந்தப் பெருசோட வால் ஓரத்துல... லேசா நீலம் தெரிதுல்ல?"

குனிந்து பார்த்தேன். சாம்பல். வெறும் சாம்பல்! அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுது" என்றேன்.

அவள் உடனே போனை எடுத்தாள். "அம்மா, அருளு மீனுக்கு நீலம் ஏறிடுச்சும்மா! நாளைக்கே வந்து பாரு!"